35 பொருள்கள் கொண்ட பயண முதலுதவிப் பை: செந்தோசாவில் மூன்று நாள் பயன்படுத்திய பின்

2025 ஜூன் மாதப் பள்ளி விடுமுறையின்போது திருச்சியிலிருந்து என் தங்கை குடும்பத்துடன் வந்திருந்தாள். சிங்கப்பூரில் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அத்தனை பேரும் படுக்க இடமில்லை என்பதைச் சாக்காக வைத்து, சுற்றுலாத் தீவான செந்தோசாவில் இரண்டு அறைகள் எடுத்து மூன்று நாள் தங்குவது என்று முடிவாயிற்று. யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா ஒரு நாள், நீர்ப்பூங்கா ஒரு நாள், கடற்கரை ஒரு நாள் என்பது திட்டம். என் மாமியார், என் கணவர், எட்டு வயது மகள், தங்கை, அவள் கணவர், அவர்களுடைய ஐந்து வயது மகன், நான் என ஏழு பேர். கிளம்புவதற்கு முந்தைய மாலை, வீட்டருகே கடைத்தொகுதியில் இருந்த ஒரு மருந்துக்கடையில் 39 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 90 காசு கொடுத்து, குடும்பச் சுற்றுலாவுக்கு ஏற்றது என்று அட்டையில் அச்சிட்டிருந்த ஒரு சிவப்பு நிற முதலுதவிப் பையை வாங்கினேன். அந்தப் பையின் மதிப்புரையே இது. தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே அலமாரியில் வேறு பெயர்களில் இருந்த பைகளையும் புரட்டிப் பார்த்தேன், உள்ளே இருந்தவை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன.

முதலில் கணக்கு. 35 பொருள்கள் என்று அட்டை சொல்வது பொய்யன்று. எண்ணிய விதம்தான் வேடிக்கையானது. ஒட்டும் பிளாஸ்திரி ஒவ்வொன்றும் தனிப்பொருளாக எண்ணப்பட்டிருப்பதால் அவையே இருபது ஆகிவிடுகின்றன. மீதிப் பதினைந்தில், ஸ்பிரிட் தோய்த்த துடைப்புத் தாள் நான்கு, காயத்தின் மேல் வைக்கும் வலைத்துணி இரண்டு, முக்கோணக் கட்டுத்துணி ஒன்று, கத்தரிக்கோல், இடுக்கி, நெற்றியில் ஒட்டும் குளிர்ச்சித் தாள் இரண்டு, நெற்றியில் வைத்துக் காய்ச்சல் பார்க்கும் பட்டை ஒன்று, கைக் கிருமிநாசினி ஒரு சிறு குப்பி, அலுமினியத் தாளைப் போல் மின்னும் வெப்பப் போர்வை ஒன்று, மடித்து வைத்த கையேடு ஒன்று. பனிமலையில் வழிதவறியவரின் உடற்சூடு வெளியேறாமல் காக்க உருவான அந்தப் போர்வையை, நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 137 கிலோமீட்டர் வடக்கே உள்ள ஒரு தீவில் குடும்பச் சுற்றுலாவுக்கு எதற்காக எடுத்துச் செல்ல வேண்டும் என்பதற்குக் கையேட்டில் விளக்கம் இல்லை. அதே கையேடு, அவசர வேளையில் 911 என்ற எண்ணை அழைக்கச் சொல்கிறது. சிங்கப்பூரில் அவசர மருத்துவ வண்டிக்கு அழைக்க வேண்டிய எண் 995 என்பது இங்கே பாலர்பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் திருச்சியிலிருந்து வந்திருக்கும் என் தங்கைக்குத் தெரியாது, அவள் கையில்தான் அந்தப் பையைக் கொடுத்திருந்தேன்.

பூங்காவுக்குள் நுழைந்த முதல் மூன்று மணி நேரம் இனிமையாகவே கழிந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் திறந்த மினியன் பகுதியை விட்டுப் பிள்ளைகள் நகர மறுத்தார்கள். பிற்பகல் ஒன்றரை மணிக்கு முதல் தொல்லை தலைகாட்டியது. அது குழந்தைகளிடமிருந்து வரவில்லை. நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் மாமியார், வரிசை நகர்ந்துவிடும், நகர்ந்துவிடும் என்று மதிய உணவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, கை நடுங்குகிறது என்றார். "அத்தை, வாயில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பையைத் திறந்தால் இருபது பிளாஸ்திரிகள் இருந்தன. தங்கை மகனின் பழச்சாற்றுப் பெட்டி கைகொடுத்தது. சர்க்கரை இறங்கும்போது ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நீரிழிவு உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் முறை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த 15 கிராமை யார் பையில் வைத்திருப்பது என்று யாரும் பேசி வைத்திருக்கவில்லை.

இரண்டு மணிக்குத் தங்கை மகன் வாந்தி எடுத்தான். முப்பரிமாணத் திரை முன் குலுங்கும் வண்டியில் ஏறி இறங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஆகவே சுற்றல்தான் காரணம் என்றார் தங்கையின் கணவர். வெயில்தான் காரணம் என்றேன் நான். கண் பட்டிருக்கும் என்று என் மாமியார் மெல்லச் சொன்னார். கேளிக்கைப் பூங்காவில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால், கண்ணேற்றை விட்டுவிட்டுப் பார்த்தாலும், மூன்று காரணங்கள் ஒரே வேளையில் முன்னால் வந்து நிற்கும். எது என்று கண்டுகொள்வதைப் பொறுத்தே அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பது அமையும். பையின் கையேடு இதைப் பற்றி ஒரு வரியாவது சொல்லியிருந்தால் இந்த மதிப்புரையின் தொனி வேறாக இருந்திருக்கும்.

உட்காதின் சமநிலை உறுப்பு உணரும் அசைவும் கண் காணும் அசைவும் பொருந்தாதபோது வருவது பயணக் குமட்டல். திரையைப் பார்த்தபடி குலுங்கும் வண்டிகளில் அது எளிதில் வரும்; ஆனால் வண்டியை விட்டு இறங்கி, நிலையான ஒன்றைப் பார்த்தபடி உட்கார்ந்தால் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். வெப்பத் தளர்ச்சி வேறு வகையானது: தலைவலி, முகம் வெளிறுதல், அதிக வியர்வை, களைப்பு ஆகியவை கூட வரும், குளிரூட்டிய இடத்தில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தால் அரை மணி நேரத்தில் தேறத் தொடங்கும். அப்படித் தேறாமல், பேச்சு குழறி, உடற்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அது வெப்பத் தாக்கு. அப்போது விவாதத்துக்கு இடமில்லை: 995ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடலை ஈரமாக்கி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது வயிற்றுக் கிருமி. அது எந்த வண்டியையும் வெயிலையும் பொருட்படுத்தாமல் மறுபடியும் மறுபடியும் வாந்தியை வரவழைக்கும், சில மணி நேரத்தில் பேதியும் காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும்.

வெயிலின் கடுமையை ஊகிக்க வேண்டியதே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2023 ஜூலை முதல் சிங்கப்பூரில் வெப்ப அழுத்த எச்சரிக்கை முறை நடப்பில் உள்ளது. வெறும் வெப்பநிலையை மட்டும் பாராமல் காற்றின் ஈரப்பதம், வெயிலின் வீச்சு, காற்றோட்டம் ஆகியவற்றையும் சேர்த்து அளக்கும் அந்தக் குறியீடு 31ஐத் தொட்டால் மிதமானது, 33ஐத் தொட்டால் கடுமையானது என்று பிரித்து, மைஎன்வி செயலியில் இடவாரியாகக் காட்டுகிறார்கள். அன்று பிற்பகல் அது மிதமான நிலையில் இருந்தது. காலையிலேயே பார்த்திருந்தால் திறந்தவெளி வரிசைகளைப் பதினொரு மணிக்குள் முடித்துவிட்டு, நடுப்பகலைக் கூரையின் கீழ் கழித்திருக்கலாம். இது பைக்குள் வைக்க முடியாத பொருள்; காசும் கொடுக்க வேண்டியதில்லை.

பூங்காவின் முதலுதவி அறையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. படுக்கை, குளிரூட்டி, பதற்றப்படாத ஒரு பெண்மணி, வாந்தி எடுக்க ஒரு பை ஆகிய நான்கும் அந்த நேரத்துக்குப் போதுமானவையாக இருந்தன. முதலுதவி அறை என்பது மருந்தகம் அன்று. அங்கே நோயைக் கண்டுபிடித்து மருந்து எழுதித் தருவார்கள் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. அரை மணி நேரம் படுத்தும் பையன் தேறவில்லை, மறுபடி இரண்டு முறை வாந்தி எடுத்தான் என்பதிலிருந்தே சுற்றலும் வெயிலும் காரணப் பட்டியலிலிருந்து நீங்கின. அந்த அரை மணி நேரத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய பயன் அதுவே.

அடுத்துத் தேவைப்பட்டது ஓஆர்எஸ் எனப்படும் உப்புச் சர்க்கரைக் கரைசல். சிவப்புப் பையில் அதில்லை. தங்கை ஊரிலிருந்து இரண்டு வகை கொண்டுவந்திருந்தாள்: ஒன்று, பழச்சுவையில் அட்டைப்பெட்டியில் வருவது, மற்றொன்று, அரசு மருத்துவமனையில் கொடுக்கும் பொடிப் பொட்டலம். பெட்டியில் வருவது பெயரளவில் மட்டுமே கரைசல், உண்மையில் இனிப்புப் பானம். உலகச் சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டர் தண்ணீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையலுப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்க வேண்டும். குளுக்கோஸ் குடற்சுவர் வழியாகப் போகும்போது தன்னுடன் சோடியத்தையும், அதைத் தொடர்ந்து தண்ணீரையும் இழுத்துச் செல்கிறது என்பதே இதன் சூட்சுமம். சர்க்கரை அளவு மீறினால் நேர்மாறாகக் குடலுக்குள் நீர் இறங்கிப் பேதி அதிகமாகும். விளையாட்டு வீரர்கள் குடிக்கும் பானமும் இளநீரும் இதற்கு ஈடாகாததற்கும் அந்த விகிதமே காரணம். இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைச் சூடிக்கொள்வதை இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் தடை செய்தது. எங்கள் பயணத்துக்கு நான்கு மாதம் கழித்து.

பொடிப் பொட்டலத்திலும் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. இந்தியாவில் கிடைக்கும் பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. சிங்கப்பூர்க் கடைகளில் பெரும்பாலும் ஒரு குவளைத் தண்ணீருக்கான சிறு பொட்டலங்களே கிடைக்கும். என் வீட்டுப் பழக்கத்தில் நான் பொட்டலத்தைக் கிழித்து, கையிலிருந்த அரை லிட்டர்ப் புட்டியில் கொட்டப் போனேன். "அக்கா, அது ஒரு லிட்டருக்கு" என்று தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். இரு மடங்கு உப்புள்ள நீரை, ஏற்கெனவே வறண்டிருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பது உதவியன்று, தீங்கு. கொடுக்கும் முறையும் அவளுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது: வாந்தி எடுத்ததும் பத்து நிமிடம் விட்டு, பிறகு சில நிமிடங்களுக்கு ஒரு கரண்டி வீதம், பிள்ளை கெஞ்சினாலும் மடக்கு மடக்காகக் கொடுக்காமல். 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்க முகாமில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலானபிஸ் பீப்பாயில் கரைத்து உறவினர்கள் கையாலேயே கொடுக்கச் செய்து காலராவிலிருந்து பல உயிர்களைக் காத்தது இதே வகைக் கரைசலால்தான். ஒரு வெள்ளிக்கும் குறைவான விலையுள்ள அந்தப் பொட்டலத்தை 39 வெள்ளிப் பையில் வைக்க ஏன் மனம் வரவில்லை என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

இரவு ஒன்பது மணிக்குக் காய்ச்சல் வந்தது. நெற்றிப் பட்டையை வைத்துப் பார்த்தோம். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே ஏதோ ஒரு நிறம் காட்டி, 37 என்றும் சொல்லாமல் 38 என்றும் சொல்லாமல் நின்றது. அந்தப் பட்டை தோலின் சூட்டைத்தான் காட்டும். வியர்த்த நெற்றியிலும் குளிரூட்டிய அறையிலும் அது காட்டும் நிறத்தை நம்பி முடிவெடுக்க முடியாது. மாமியாரின் கைப்பையில் இருந்த பத்து வெள்ளி மின்னணு வெப்பமானியை அக்குளில் வைத்ததும் 38.6 என்றது. குளிர்ச்சித் தாள் இரண்டையும் பையன் ஆசையாக ஒட்டிக்கொண்டான். நெற்றிக்கு இதமாக இருக்கும், காய்ச்சலைக் குறைக்காது. அதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன், அந்தப் பையில் அவனுக்குப் பிடித்திருந்த ஒரே பொருள் அது.

பாராசிட்டமால் மருந்து விஷயத்தில்தான் எங்கள் குடும்பத்தின் ஆயத்தம் முழுவதும் அம்பலமாயிற்று. குழந்தைகளுக்கு எடைக் கணக்கில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை, நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேற்படாமல் கொடுப்பது வழக்கம். என்னிடம் இருந்த மருந்து 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம். தங்கையிடம் இருந்தது அதே 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம். இரண்டும் ஒரே நிறம், ஏறத்தாழ ஒரே இனிப்பு. என் மகள் ஐந்து வயதாக இருந்தபோது 10 மில்லிலிட்டர் கொடுத்த நினைவில் தங்கையின் புட்டியிலிருந்து 10 ஊற்றியிருந்தால், 500 மில்லிகிராம் உள்ளே போயிருக்கும். 18 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது கிலோவுக்கு 27 மில்லிகிராமுக்கும் மேல், உச்ச அளவின் ஏறத்தாழ இரு மடங்கு. அந்த 18 கிலோ என்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது என்பது இன்னும் பெரிய வெட்கம். விமானத்தில் போட்ட பெட்டிகளில் எது 22.8 கிலோ, எது 23.1 கிலோ என்று தங்கையின் கணவர் ஒப்பித்தார். பையனின் எடையை யாராலும் சொல்ல முடியவில்லை. விடுதியின் எடை பார்க்கும் கருவியில் அவர் முதலில் தனியாகவும் பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் ஏறி இறங்கிக் கழித்துப் பார்த்தோம்.

வேறு இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்லள், இவை எங்களுக்கு மருத்துவர் சொன்னவை. சளிக்கென்று விற்கும் கூட்டு மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. டெங்கி நிரந்தரமாகக் குடியிருக்கும் இந்த ஊரில், காரணம் தெரியாத காய்ச்சலுக்கு இபுபுரூஃபனை நாமாகக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். டெங்கியாக இருந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

மருத்துவரைப் பார்த்தது காணொளி வழியாக. அந்தச் செயலியின் பெயரையும் விட்டுவிடுகிறேன். பதினைந்து நிமிடம் என்று சொல்லி ஐம்பது நிமிடம் காக்க வைத்தார்கள். ஆனால் திரையில் வந்த மருத்துவர் கேட்ட கேள்விகள் கூர்மையானவை: எடை என்ன, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, அழும்போது கண்ணீர் வருகிறதா, வாய் ஈரமாக இருக்கிறதா, வயிற்றை அழுத்தினால் ஒரே இடத்தில் வலிக்கிறதா, வாந்தியில் பச்சை நிறமோ இரத்தமோ உண்டா. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, பிள்ளை துவண்டு எழுப்ப முடியாமற்போனாலோ செயலியை மூடிவிட்டு நேரே கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார். லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்குப் பக்கத்தில் இருப்பதால் வழி எல்லோருக்கும் தெரியும். செந்தோசாவிலிருந்து நள்ளிரவில் வாடகைக் காரில் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மட்டும் அப்போதே பார்த்து வைத்துக்கொண்டோம். போக வேண்டி வரவில்லை. மருந்து விடுதிக்கு வந்து சேர்ந்தது மறுநாள் காலை பத்து மணிக்கு. தீவுக்குள் கொண்டுவரக் கூடுதல் கட்டணம் வேறு. நோயின் பெயர் இல்லாமல் தொகை மட்டும் போட்டு ஒரு ரசீது அனுப்பினார்கள். தங்கை எடுத்திருந்த பயணக் காப்புறுதிக்கு அந்த ரசீது செல்லாது என்று பின்னால் தெரிந்தது; மருத்துவரின் கடிதம், நோயின் பெயர், தேதி மூன்றும் வேண்டுமாம். வெளியூரிலிருந்து வருபவர்களை அழைத்துச் செல்கிறவர்கள், ஆலோசனை முடிவதற்குள் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

நோரோவைரஸாக இருக்கலாம் என்றார் மருத்துவர். சோதனை எதுவும் செய்யவில்லை. இங்கேதான் சிவப்புப் பையின் மீது எனக்குள்ள மிகப் பெரிய குறை. அதில் இருந்த சிறு குப்பியைப் பெருமையோடு எல்லோர் கையிலும் ஊற்றிக்கொண்டே இருந்தோம். 70 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட அந்தக் கூழ் சளிக்காய்ச்சல் கிருமிக்கு எதிராக நன்றாக வேலை செய்யும். கொழுப்புறை இல்லாத நோரோவைரஸிடம் அதன் ஆற்றல் மிகக் குறைவு. கை, கால், வாய்ப்புண் நோயை உண்டாக்கும் கிருமிகளுக்கும் அப்படியே. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் இருபது விநாடியும்தான் அவற்றைக் கையிலிருந்து இறக்கும். குப்பியை நம்பிக் குழாயடிக்குப் போகாமல் இருந்ததன் விலையை மூன்றாம் நாள் கொடுத்தோம்: விடியற்காலையில் தங்கையின் கணவருக்கு, காலை உணவுக்குப் பின் என் மகளுக்கு. கிருமி உள்ளே போய் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வெளிப்படும் என்ற கணக்குக்கு அது அச்சாகப் பொருந்தியது.

நீர்ப்பூங்காவைப் பற்றி ஒரு சொல். இரண்டாம் நாள் காலை பையன் எழுந்து உட்கார்ந்து, நீச்சலுடையைத் தேட ஆரம்பித்தான். சீட்டுகள் தேதியிட்டவை, விற்ற இணைய முகவர் பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை, தேதியை மாற்றவும் இல்லை. ஏழு பேரின் சீட்டுக் காசு கண்முன் கரைவதைப் பார்க்க யாருக்கும் மனமில்லை. ஆனாலும், பேதி நின்று 48 மணி நேரம் ஆகாத பிள்ளையை ஊர்ப் பிள்ளைகளெல்லாம் முங்கி விளையாடும் குளத்தில் இறக்குவது எந்தக் காசாலும் நியாயப்படுத்த முடியாத காரியம். இதில் என் கணவருக்கும் தங்கையின் கணவருக்கும் இடையே சிறு மனக்கசப்பே வந்தது. கடைசியில் யாரும் போகவில்லை. அறையில் உட்கார்ந்து, கடைத்தொகுதியின் உணவங்காடியிலிருந்து வாங்கி வந்த வெள்ளைக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு, சன்னல் வழியாகக் கேபிள் கார் போவதை எண்ணினோம்.

அந்த நீண்ட பகலில்தான் என் மாமியார் இத்தீவின் பழைய பெயரைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். 1970களின் தொடக்கத்தில் அமைதி என்ற பொருளில் செந்தோசா ஆகும்வரை இது புலாவ் பிளாக்காங் மாத்தி. மலாய் மொழியில் 'மாத்தி' என்றால் இறப்பு. பெயர்க் காரணம் பலவாறாகச் சொல்லப்பட்டாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் காய்ச்சலுக்குப் பேர்போன தீவு இது என்பது பதிவான செய்தி. "நம் வீட்டுக்கு மட்டும் பழைய பெயரிலேயே இருக்கிறது" என்றார் என் கணவர்.

மாமியாரின் இன்சுலினைப் பற்றியும் எழுத வேண்டும். முதியவர்களோடு பூங்காவுக்குப் போகும் பலருக்கு இது பயன்படும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனாவைப் பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்கு மேற்படாமல் சுமார் நான்கு வாரம் வெளியே வைத்திருக்கலாம். சிங்கப்பூர்ப் பிற்பகல் அந்த 30ஐ நாள்தோறும் தாண்டுகிறது. இதற்காகத் தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்தும் குளிர்ச்சி உறை ஒன்றை இணையத்தில் 28 வெள்ளிக்கு வாங்கியிருந்தோம். மண்பானை குளிர்வதுபோல, நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்வதுதான் அதன் வேலை. மதுரை வெயிலில் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். எப்போதும் ஈரம் சுமந்து நிற்கும் இந்த ஊர்க் காற்றில் நீர் எளிதில் ஆவியாவதில்லை, அதுவும் உறையை முதுகுப்பைக்குள் திணித்து மூடிவிட்டால் ஆவி போக வழியே இல்லை. மாலையில் தொட்டுப் பார்த்தபோது உறை ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. பனிக்கட்டிப் பொதியைத் துணியில் சுற்றிச் சிறு வெப்பத்தடுப்புப் பையில் வைப்பதே இங்கு மேல். பேனா நேரடியாகப் பனியைத் தொடக் கூடாது, ஒரு முறை உறைந்த இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதுதான். விடுதி அறையின் சிறு குளிர்பதனப் பெட்டியிலும் பின்சுவரை ஒட்டி வைக்கக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

இனி, அந்தச் சிவப்புப் பைக்குரிய நியாயத்தையும் செய்ய வேண்டும். கத்தரிக்கோல் நல்ல எஃகு. கரைசல் பொட்டலங்களைச் சிந்தாமல் வெட்ட உதவியது. பல்லிணைப்பு (ஜிப்) உறுதியானது. உள்ளே கண்ணாடிபோல் தெரியும் சிறு அறைகள் இருப்பதால் எது எங்கே என்று இருட்டிலும் தேடலாம். பிளாஸ்திரி ஒன்றே ஒன்றை, புதுச் செருப்பு கடித்த என் குதிகாலுக்குப் போட்டேன். மழையில் நனைந்தும் இரண்டு நாள் கழன்று வரவில்லை. ஆகவே இதைக் காயத்துக்கான பை என்று விற்றால் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். குடும்பச் சுற்றுலாவுக்கு ஏற்றது என்று விற்பதால் ஐந்துக்கு ஒன்றரை. பூங்காவில் முட்டியில் சிராய்ப்பு ஏற்பட்டால் கேட்டவுடன் பிளாஸ்திரி கொடுக்க ஆள் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு விடுதி அறையில் வரும் காய்ச்சலுக்கும் வாந்திக்கும்தான் நாம் மட்டும் இருக்கிறோம்.

வெப்பப் போர்வையையும் நெற்றிப் பட்டையையும் கையேட்டையும் எடுத்துவிட்டு அதே பையை இப்போது வேறு விதமாக நிரப்பி வைத்திருக்கிறேன். மின்னணு வெப்பமானி, ஒரு குவளைக்கான கரைசல் பொட்டலம் ஆறு, மில்லிலிட்டர் கோடு போட்ட ஊசியில்லாப் பீச்சுக்குழல், ஒரே வலிமையில் ஒரே ஒரு பாராசிட்டமால் புட்டி, பயணக் குமட்டலுக்கு மருந்தாளரைக் கேட்டு வாங்கிய மாத்திரை, குளுக்கோஸ் வில்லை, வாய் இறுக்கி மூடும் நெகிழிப் பை பத்து, ஒரு பிள்ளைக்கான மாற்றுடை, சிறு சவர்க்காரக் கட்டி. மாமியாரின் வற்புறுத்தலால் கோடாலித் தைலமும் உண்டு. 1928 முதல் இந்த ஊரிலேயே செய்யப்படுவதை விட்டுவிட்டுப் போவதாவது என்பது அவர் வாதம். குமட்டும்போது முகர்ந்தால் மனத்துக்கு இதமாக இருப்பதை நானும் மறுக்கவில்லை, கைக்குழந்தைகளின் மூக்கருகே மட்டும் கொண்டுபோகாமல் இருந்தால் சரி. எல்லாம் சேர்த்து, ஏற்கெனவே வீட்டில் இருந்தவை போக, 31 வெள்ளி ஆயிற்று.

மூடியின் உட்புறத்தில் ஓர் அட்டையை ஒட்டியிருக்கிறேன். அதில் ஒவ்வொருவர் பெயர், எடை, ஒவ்வாமை, வழக்கமாக உண்ணும் மருந்து, கீழே பெரிய எழுத்தில் 995. திசம்பரில் மலேசியாவின் ஜொகூர் போவதற்கு முன் பிள்ளைகளை மறுபடி நிறுத்துப் பார்த்து எடையை மாற்றி எழுதினேன். என் மகள் ஆறு மாதத்தில் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தாள். திருச்சியிலிருந்து தங்கை அனுப்பிய எண் 19.2.